தலைவர் கரைசேர்ந்த செய்தி

செந்தூரனுக்குப் பொன்னாடை போர்த்தியபோது அவன் இன்னும் ஒரு வேலையும் செய்திருக்கவில்லை. அதைப் பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னான்.

"அதுதான் இஞ்சை முறை தம்பி," என்றார் அவர். "வேலை செய்தாப்பிறகு போத்தினால் செய்யாத ஆக்கள் மனம் நோவினம். முதலே போத்திவிட்டால் ஒருத்தருக்கும் மனவருத்தமில்லை."

உடுவிலில் அந்த மண்டபத்தில் அன்று காலை மட்டும் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. எல்லாரும் வடபுலக் கட்டற்ற மென்பொருள் மன்றத்தின் சோதனைத் தொண்டர்கள். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம் என்ற வகையான மென்பொருளைத் தமிழில் செய்து தருவது மன்றத்தின் நோக்கம். அது அரைகுறையாய் இருக்கும்போதே வாங்கிப் பாவித்து, எங்கே பிழைக்கிறது என்று சொல்வது தொண்டர்களின் வேலை. மன்றத்துக்கு முப்பத்தொரு நிர்வாகசபை உறுப்பினர்களும் மூன்று போஷகர்களும் ஒரு கீதமும் இருந்தன. மென்பொருள் எழுதுவதற்கு ஒருத்தி இருந்தாள்.

அந்த ஒருத்தி ரேச்சல், தலைவர் நேசராஜாவின் மகள். கிழமை நாட்களில் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்தாள். சனி ஞாயிறில் மன்றத்துக்கு எழுதினாள். இப்போது எழுதிக்கொண்டிருந்தது கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கான ஒரு செயலி. பெயர் கரைசேதி. கடலுக்குப் போனவர் கரைக்கு வந்ததும் வீட்டிலுள்ள கைத்தொலைபேசியில் மணி அடிக்கும். இன்னார் கரை சேர்ந்தார் என்று எழுத்து வரும்.

படகுகளைப் பற்றி விசாரிப்பதற்காக அவள் வல்வெட்டித்துறைக்கு வந்தபோதுதான் செந்தூரனின் எஞ்சின் திருத்தும் கடைக்குள் நுழைந்தாள். முதல் நாள் எஞ்சினைப் பற்றிக் கேட்டாள். இரண்டாம் நாள் காற்றைப் பற்றிக் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் வந்தாள். அவன் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தான்.

"எனக்கு உண்மையாப் பிழை சொல்லுற ஒரு ஆள் வேணும்," என்றாள். "மன்றத்திலை எல்லாரும் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுகினம்."

"இந்தப் பிளேன்ரீக்குச் சீனி காணாது," என்றான் செந்தூரன்.

அவள் சிரித்தாள். அவன் சோதனைத் தொண்டனாகச் சேர்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

மண்டபத்தில் தலைவர் எழுந்தார். நேசராஜா ஓய்வுபெற்ற அதிபர். ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வாங்கில் இருப்பவன்வரை கேட்கும் குரல். ஆனாலும் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டார்.

"உலகத்திலுள்ள நிறுவனங்கள் எல்லாம் தங்கள் குறையை மறைக்கின்றன. எங்கள் மன்றம் ஒன்றே குறையைச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று வீடு வீடாகச் சென்று மன்றாடுகிறது. குறை சொல்பவனே எங்கள் உற்ற தோழன். சென்ற ஆண்டு நூறு தொண்டர்களைச் சேர்த்தோம். ஒரு குறையும் வரவில்லை. இந்த ஆண்டு இருநூறுக்கு மேல் சேர்த்திருக்கிறோம். ஆகவே இரு மடங்கு குறை வராது என்று உறுதியாக நம்புகிறேன்."

கைதட்டல் எழுந்தது. சாப்பாட்டுப் பார்சலோடு சான்றிதழும் கொடுத்தார்கள். 'இவர் கரைசேதி செயலியைச் செவ்வனே சோதித்தார்' என்று அதில் அச்சடித்திருந்தது. செயலி அடுத்த கிழமைதான் கையில் கிடைக்கும் என்றார்கள்.

கிடைத்தது. இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பதின்மூன்று அறிக்கைகள் வந்து சேர்ந்தன. 'மிக நன்று' என்று நூற்றுத் தொண்ணூறு பேர் எழுதியிருந்தார்கள். மிச்சப்பேர் 'மிக மிக நன்று' என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் பார்சலில் கத்தரிக்காய்க் குழம்பு நல்லம் என்று எழுதியிருந்தார். அவரிடம் கைத்தொலைபேசி இருக்கவில்லை. தொண்டர்களையும் குறை சொல்ல முடியாது. சும்மா தந்த பொருளில் பழுது பார்ப்பது, கூப்பிட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கறிக்கு உப்பில்லை என்று சொல்வதைப் போன்றது. அப்படி ஒரு வளர்ப்பு அங்கே யாருக்கும் இல்லை.

இருநூற்றுப் பதினான்காவது அறிக்கை செந்தூரனுடையது.

நடந்தது இதுதான். அவனுடைய அக்கா தனுசியாவின் கணவர் தேனுஜன், ஒருநாள் காலை வலை எடுக்கக் கடலுக்குப் போயிருந்தார். செயலி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரேச்சலும் வந்து, செந்தூரனோடு அக்காவின் குசினியில் இருந்தாள். பத்து மணிக்குக் கைத்தொலைபேசியில் மணி அடித்தது. 'தேனுஜன் கரை சேர்ந்தார்.' அக்கா தேத்தண்ணி ஊற்றினாள். ஆள் வரவில்லை. அந்தத் தேத்தண்ணியைச் செந்தூரன் குடித்தான். இரண்டாந்தரம் ஊற்றியதை ரேச்சல் குடித்தாள். மூன்றாவதை ஊற்றும்போதுதான், பன்னிரண்டரைக்கு, தேனுஜன் தோளில் வலையோடு வந்தார்.

"எங்கை நிண்டியள் இவ்வளவு நேரமும்?" என்றாள் அக்கா.

"எங்கை நிக்கிறது, கடலிலைதான்."

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "சிரிக்காதை. மணி அடிச்சுதெண்டு நான் ஆறுதலா இருந்திட்டன். அத்தான்ரை எஞ்சின் நடுக்கடலிலை நிண்டிருந்தால் நான் ஆருக்கு அறிவிச்சிருப்பன்? வந்திட்டார் எண்டெல்லோ இருந்திருப்பன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ரேச்சல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் மூண்டு செய்திதான் எழுதினனான்," என்றாள். "கடலுக்குப் போனார், கரை சேர்ந்தார், தகவல் இல்லை. கடலிலை நிக்கிறவரின்ரை போன் சிக்னல் விடுபட்டால் தகவல் இல்லை எண்டு வரவேணும். மன்றக் கூட்டத்திலை அதை வெட்டிப்போட்டினம். அபசகுனமாம். வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை போறன் எண்டே சொல்லமாட்டம், போட்டு வாறன் எண்டுதானே சொல்லுவம். அப்பிடியிருக்க, ஆளைக் காணேல்லை எண்டு ஒரு செயலி சொல்லலாமோ எண்டு செயலாளர் கேட்டவர். பதினாலாம் தீர்மானம். இப்ப ரெண்டே ரெண்டு செய்திதான். தகவல் வராட்டில் ஆள் வந்திட்டார்."

"திருத்த எவ்வளவு நேரம் செல்லும்?"

"ரெண்டு வரி. இப்பவே திருத்துவன். ஆனால் மன்றத்தின்ரை பதிப்பிலை போட, பிழை இருக்கெண்டு நிர்வாகசபை ஏற்கவேணும்." அவள் தன் மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரி எழுதினாள். திருத்திய பிரதியைச் செந்தூரனின் கைத்தொலைபேசியிலும் அக்காவின் கைத்தொலைபேசியிலும் போட்டாள். "இது கட்டற்றது. ஆரும் எடுத்துத் திருத்தலாம், மன்றத்தைத் தவிர."

செந்தூரன் முறைப்படி அறிவித்தான். பிழை அறிவிப்புப் படிவத்தில் இருபத்திரண்டு இலக்கங்கள் இருந்தன. மூன்று பிரதி வேண்டும். செயலாளர் ஆழ்வாப்பிள்ளை கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். வெற்றிடம் உள்ள படிவத்தைக் கையால் தொடமாட்டார். பிழை நேர்ந்த இடம் என்ற ஏழாம் இலக்கத்துக்குக் கிராம அலுவலரான விதானையாரின் ஒப்பம் தேவைப்பட்டது. செந்தூரன் 'கடல்' என்று எழுதிக்கொண்டு போனான்.

"கடல் என்ரை பிரிவில்லையே தம்பி," என்றார் விதானையார். "என்ரை பிரிவு வீதியோடை முடியுது. கரையிலை ஒரு இடம் சொல்லும், ஒப்பம் வைக்கிறன்."

அவன் அக்காவின் குசினி என்று மாற்றி எழுதினான். ஆகவே ஸ்தல பரிசோதனைக்கு ஏழு பேர் ஒரு வான் வண்டியில் வந்து அக்காவின் குசினியில் இறங்கினார்கள். மணி அடித்த மேசையைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அக்காவை மறுபடி தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்கள். ஏழு பேரும் குடித்தார்கள். தேனுஜனின் கைத்தொலைபேசியைக் கையில் வாங்கி, அவர் கரையில் இருக்கிறார் என்று அது சரியாகவே சொல்வதைக் கண்டார்கள். அவரும் பக்கத்தில்தான் நின்றார். ஆழ்வாப்பிள்ளை அந்த இடத்திலேயே எழுதினார்: 'மேற்படி பிழை தற்போது அவ்விடத்தில் காணப்படவில்லை.'

படிவம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பத்தொன்பதாம் இலக்கம் சாட்சியின் பெயரைக் கேட்டது. ரேச்சல் என்று செந்தூரன் எழுதியிருந்தான். இருபதாம் இலக்கம், சாட்சி விண்ணப்பகாரருக்கு என்ன முறை என்று கேட்டது. வெற்றிடம் விட்டால் திருப்பி அனுப்புவார்கள். பொய் எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. எஞ்சின் திருத்துகிறவன் பொய் எழுதினால் எஞ்சின் கடலில் வைத்து உண்மையைச் சொல்லிவிடும். பேனாவைக் கடித்தபடி அரைமணி நேரம் யோசித்து, 'இன்னும் முடிவாகவில்லை' என்று எழுதினான்.

ஆழ்வாப்பிள்ளை அதை நிர்வாகசபையில் உரக்க வாசித்தார். முப்பத்தொரு பேரும் தலைவரைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் செந்தூரன் நேசராஜாவின் விறாந்தையில் இருந்தான். ரேச்சல் கதவுக்கு உள்பக்கம் நின்றாள். அவளுடைய செருப்பின் நுனி திரைச்சீலைக்குக் கீழே தெரிந்தது.

"நாங்கள் வேதக்காரர், நீர் சைவம்," என்று தொடங்கினார் நேசராஜா. "அது எனக்குப் பெரிசில்லை. கடவுள் பாத்துக்கொள்ளுவார். என்ரை மகள் கணினி படிச்சவள், நீர் எஞ்சின் திருத்துறனீர். அதுவும் பெரிசில்லை. ரெண்டும் இயந்திரம். உம்மடை ஊரிலை விசாரிச்சனான், நல்ல பிள்ளை எண்டுதான் சொல்லுகினம். ஆனால் ஐசே, ஆறு வருசமா ஒரு பிழை வராத மன்றம். ஒரு பிழை. முதல் பிழையை எழுத்திலை, மூண்டு பிரதியிலை தந்த ஆளுக்கு நான் எப்பிடிப் பிள்ளையைக் கட்டித்தாறது?"

"குறை சொல்லுறவன் உற்ற தோழன் எண்டு நீங்கள்தானே சேர் சொன்னனீங்கள்."

"தோழன் எண்டுதானே சொன்னனான். மருமகன் எண்டு சொன்னனானோ?"

நேசராஜா முன்னால் சாய்ந்து குரலைத் தணித்தார்.

"நான் கொடியவன் இல்லை. வாற மாதம் வெளியீட்டு விழா. அழைப்பிதழ் அச்சடிச்சாச்சு, 'குற்றமற்ற முதற் பதிப்பு' எண்டு போட்டாச்சு. பிழையை மீளப் பெறுகிறேன் எண்டு ஒரு சின்னக் கடிதம் தாரும். விழா முடிஞ்ச அடுத்த நாளே உம்மடை அம்மாவை வரச்சொல்லும், கதைப்பம்."

செந்தூரன் வீட்டுக்கு வந்து ஒரு கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தான். ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்கு ரேச்சல் கிடைப்பாள். அக்காவின் கைத்தொலைபேசியில் திருத்திய பிரதி இருக்கிறது. அத்தானுக்கு ஒரு ஆபத்தும் வராது. மற்ற வீடுகளில் மணி அடிக்கும். தேத்தண்ணி ஊற்றுவார்கள். அவன் பேனாவை மூடினான். திறந்தான். கடைசியில் அவளுக்கே போன் எடுத்தான்.

"உங்கடை அப்பா கேட்ட கடிதம்..." என்று இழுத்தான்.

"நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். குடுங்கோவன்."

"குடுக்கட்டோ?"

"குடுங்கோ. குடுத்திட்டு அப்பாவையே கட்டுங்கோ."

அவன் கடதாசியை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்குக் கீழே வைத்தான்.

வெளியீட்டு விழா வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடந்தது. பந்தல், குத்துவிளக்கு, செபம், தேவாரம், மன்ற கீதம், எல்லாம் நிகழ்ச்சி நிரல்படி நடந்தன. மேடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். தலைவர் தாமே கடலுக்குப் போய்த் திரும்புவார், அவர் கரை சேர்ந்ததும் மணி அடிக்கும், அதுவே வெளியீடு. தேனுஜனின் படகைத்தான் பிடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வாழை கட்டி, நடுவில் நிறைகுடம் வைத்து, முனையிலிருந்து எஞ்சின்வரை செவ்வந்தி மாலை சுற்றினார்கள். படகில் கிடந்த கத்தி, கயிறு, துடுப்பு எல்லாவற்றையும் படத்துக்கு அழகில்லை என்று இறக்கி வைத்தார்கள்.

"உந்த மாலை எஞ்சின் விசிறியிலை சிக்கும்," என்றான் செந்தூரன்.

"கட்டின மாலையை அவிழ்க்கிறது மங்களமில்லை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "அதோடை, நீர் ஏற்கெனவே ஒரு பிழை சொல்லிப்போட்டீர்."

கறுப்புக் கோட்டோடு நேசராஜா ஏறி, வாழைக்கும் வாழைக்கும் நடுவே இருந்தார். பந்தல் கண்ணுக்கு மறையும்வரை போனால்தான் திரும்பி வருவதில் ஒரு கம்பீரம் இருக்கும் என்று தேனுஜனுக்குச் சொன்னார். படகு சிறுத்துக்கொண்டே போய்ப் புள்ளியாகி, அதுவும் இல்லாமல் போயிற்று.

பத்து நாற்பத்தேழுக்குத் திரையில் மணி அடித்தது. 'தலைவர் நேசராஜா கரை சேர்ந்தார்.'

பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. வெடி கொளுத்தினார்கள். ஆழ்வாப்பிள்ளை நேரத்தைக் குறித்துக்கொண்டார். அடுத்தது தலைவர் உரை. தலைவரைக் காணாததால் உரையை வேறொருவர் வாசித்தார். பிறகு தலைவருக்குப் பொன்னாடை. அதை அவருடைய கதிரைக்குப் போர்த்தினார்கள். ஒரு பெண்மணி மட்டும் ஐயா எங்கே என்று கேட்டார். கோட்டு நனைந்திருக்கும், மாற்றப் போயிருப்பார் என்று பதில் கிடைத்தது.

செந்தூரனின் கைத்தொலைபேசியில் வேறு எழுத்து இருந்தது. 'தகவல் இல்லை. கடைசியாகக் கேட்டது 10.46.' அவன் ஆழ்வாப்பிள்ளையிடம் போய்க் காட்டினான்.

"உது எங்கடை பதிப்பில்லை," என்றார் அவர் கண்ணாடியை உயர்த்தி.

"சேர் இன்னும் கடலிலை நிக்கிறார் ஐயா. நான் போய்ப் பாத்துக்கொண்டு வாறன்."

"வந்த ஆளைத் தேடிக் கடலுக்குப் போறதோ? அது மன்றத்தின்ரை பதிவை அவமதிக்கிறது தம்பி. கூட்டம் முடியட்டும், ஒரு உபகுழு போடுவம்."

ரேச்சல் ஏற்கெனவே கரைக்கு ஓடியிருந்தாள். திருத்தி முடித்த எஞ்சின் ஒன்று பூட்டிய படகு அங்கே நின்றது. எப்படியும் அதை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. செந்தூரன் தள்ளி ஏறினான்.

"நானும் வாறன்," என்றாள் அவள்.

"நீர் நில்லும். பார்சல் ஒண்டு எடுத்து ஒளிச்சு வையும். மாமா பசியோடை வருவார்."

"மாமாவோ?" என்றாள் அவள், அந்தக் கலக்கத்திலும்.

ஒரு மணி நேரம் தேடி, நீரோட்டம் கிழக்கே இழுத்துப் போயிருந்த படகை அவன் கண்டுபிடித்தான். தூரத்திலிருந்தே வாழைமரம் தெரிந்தது. செவ்வந்தி மாலை விசிறியில் கயிறாய் முறுகி இறுகியிருந்தது. தேனுஜன் பல்லால் கடித்துப் பார்த்துக் களைத்திருந்தார். நிறைகுடத்துத் தண்ணீரை இரண்டு பேரும் குடித்து முடித்து, தேங்காயை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தம்பி இவ்வளவு நேரம்?" என்றார் நேசராஜா. கோட்டைக் கழற்றித் தலையில் போட்டிருந்தார். "ஒருத்தரும் தேடேல்லையோ?"

"இல்லை சேர்."

"ஏன்?"

"நீங்கள் வந்திட்டியள். பத்து நாப்பத்தேழுக்கு."

செந்தூரன் கத்தியால் மாலையை அறுத்து அறுத்து எடுத்தான்.

"என்ரை உரை?"

"வாசிச்சவை சேர். நல்ல கைதட்டு."

"நான் இல்லாமலோ?"

"வழமையிலும் பாக்கக் கொஞ்சம் கூட."

தேனுஜன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

"பின்னேரம் ஆகியிருந்தால்?" என்றார் நேசராஜா மெல்ல.

"ரேச்சலுக்குத் தெரியும் சேர். அவ எழுதின மற்றப் பிரதியிலை நீங்கள் இன்னும் வரேல்லை."

கரைக்கு வந்தபோது பந்தலைப் பாதி பிரித்திருந்தார்கள். ரேச்சல் முழங்கால் தண்ணீரில் நின்றாள். அப்பாவின் கையைப் பிடித்து இறக்கி, பார்சலைக் கொடுத்தாள். ஆழ்வாப்பிள்ளை கடைசிக் கதிரையில் இருந்து கூட்ட அறிக்கையை எழுதி முடித்துக்கொண்டிருந்தார்.

"செயலாளர், உதைத் திருத்தும்," என்றார் நேசராஜா. உப்பு நீர் அவருடைய காற்சட்டையிலிருந்து வடிந்தது. "நான் இப்பதான் வாறன்."

"நீங்கள் பத்து நாப்பத்தேழுக்கு வந்திட்டியள் சேர். நன்றித் தீர்மானமும் நிறைவேறியிட்டுது."

"ஐசே, நான் உமக்கு முன்னாலை ஈரத்தோடை நிக்கிறன்."

"தெரியுது சேர். ஆனால் பதிவிலை இல்லை. பிழையெண்டால் படிவம் இருக்கு. நீங்கள் கொண்டுவந்த முறைதானே." அவர் பையைத் திறந்து மூன்று பிரதி எடுத்து நீட்டினார்.

நேசராஜா பார்சலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மணலில் கிடந்த கதிரையில் இருந்து எழுதத் தொடங்கினார். ஏழாம் இலக்கத்தில் கடல் என்று எழுதி, விதானையாரின் ஒப்பத்துக்கான இடத்தைக் கோபத்தோடு குறுக்கே வெட்டினார். பத்தொன்பதாம் இலக்கம் வந்ததும் தலையை நிமிர்த்திச் செந்தூரனின் முழுப்பெயரைக் கேட்டு எழுதினார். இருபதாம் இலக்கத்தில் பேனா நின்றது. அவர் மகளைப் பார்த்தார். மகள் கடலைப் பார்த்தாள். செந்தூரன் தன் கையிலிருந்த செவ்வந்தி நாரைப் பார்த்தான்.

எழுதி முடித்து மூன்று பிரதியையும் கொடுத்தார். ஆழ்வாப்பிள்ளை வெற்றிடம் ஏதும் உண்டா என்று விரலால் இறங்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இருபதாம் இலக்கம். சாட்சி விண்ணப்பகாரருக்கு என்ன முறை. மருமகன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சேர், உதுக்கு ஆதாரம் இணைக்கவேணுமே."

"கலியாண எழுத்து முடியட்டும், பிரதி ஒண்டு தாறன்," என்றார் நேசராஜா பார்சலைப் பிரித்தபடி.

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியை மறுபடி போட்டார். பிறகு மூன்று பிரதியிலும் அடியில், 'இணைப்பு 1: விவாகப் பதிவு. பின்னர் சமர்ப்பிக்கப்படும்' என்று தெளிவாக எழுதி, முத்திரை குத்தினார்.